கழல மறுக்கும் திருகு

திருவொற்றியூரில் கடலை ஒட்டிய தெருவொன்றில் ஒருவர் தன் மெக்கானிக்கல் கீபோர்டைத் துடைப்பதற்காகப் பிரிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடிப்பக்கம் எட்டுத் திருகுகள். ஏழு சுலபமாக வந்துவிடுகின்றன. எட்டாவது அசைய மாட்டேன் என்கிறது. இன்னும் கொஞ்சம் பலம் கொடுத்தால் ஸ்டார் ஸ்க்ரூ டிரைவரின் முனை 'டக்'கென்று வழுக்கி மேலே ஏறுகிறது. மறுபடியும் திருப்ப, மறுபடியும் வழுக்கல். சற்று நேரத்தில் தலையிலிருந்த கூட்டல் குறி தேய்ந்து வெறும் வட்டக் குழியாகிவிடுகிறது.

இங்கே இருப்பது இரண்டு தனித்தனிச் சிக்கல்கள். உள்ளே மரை இறுகிவிட்டது. வெளியே தலை வழுக்குகிறது. கண்ணுக்குத் தெரிவது தலைதான் என்பதால் எல்லோரும் அதோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். ஆனால் தலை கெட்டதற்கே காரணம், மரையின் பிடியைத் தளர்த்தாமல் திருப்பப் போனதுதான். திருகைக் கழற்றும் கலை முழுவதும் இந்த இரண்டு பிடிகளுக்கு இடையிலான கணக்கு. மரையின் பிடி குறைய வேண்டும், தலையின் பிடி கூட வேண்டும். முதல் வேலையைச் செய்யாமல் இரண்டாவதில் இறங்கியதால் வீணான திருகுகளே அதிகம் என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில், ஒரு நல்ல திருகு ஏன் தானாகக் கழன்று விழுவதில்லை என்று பார்ப்போம். திருகு என்பது ஓர் உருளையைச் சுற்றி ஏறும் சாய்தளம். கீபோர்டுகளில் அதிகம் வரும் எம்2 திருகில், ஒரு சுற்றுக்கு மரை 0.4 மில்லிமீட்டர்தான் ஏறுகிறது. அதன் சரிவு சுமார் 4 டிகிரி. பைக்குகளில் புழங்கும் எம்6 திருகில் சுற்றுக்கு 1 மில்லிமீட்டர். சரிவு 3 டிகிரிக்குச் சற்று மேல். லேசான எண்ணெய்ப் பிசுக்கோடு எஃகும் எஃகும் உரசினால் உராய்வுக் குணகம் 0.15 அளவில் இருக்கும். மரையின் பக்கச் சாய்வையும் சேர்த்து அதைக் கோணமாக மாற்றினால் 10 டிகிரியை நெருங்கும். சறுக்கத் தேவையான கோணத்தைவிடச் சரிவு மிகக் குறைவு. அதனால் எத்தனை இறுக்கம் இருந்தாலும் திருகு தன் இடத்தில் நிற்கிறது.

இதே கணக்கிலிருந்து இன்னொரு பயனுள்ள உண்மை கிடைக்கிறது. முடுக்கும்போது அந்தச் சரிவில் ஏறுகிறோம், கழற்றும்போது இறங்குகிறோம். ஆகவே சுத்தமான மரையாக இருந்தால், முடுக்கக் கொடுத்த திருப்பு விசையில் ஏறக்குறைய முக்கால் பங்கு கழற்றப் போதும். ஒரு திருகு அதற்கு மேல் பலம் கேட்கிறது என்றாலே உராய்வைத் தவிர வேறு ஏதோ உள்ளே சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அது துருவா, உப்பா, பசையா, பொருந்தாத மரையா என்று தெரிந்துகொள்ளாமல் கையில் பலத்தைக் கூட்டுவதில் பயனில்லை.

வடசென்னையில் அந்தச் சந்தேகம் முதலில் உப்பின் மேல்தான் விழ வேண்டும். அதற்கு ஒரு வரலாறும் உண்டு. 1870களில் சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்களைக் கட்டத் தொடங்கியபோது, கரையோரமாகத் தெற்கிலிருந்து வடக்கே ஆண்டுதோறும் நகர்ந்துகொண்டிருந்த மணல் வழியில் தடுக்கப்பட்டது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே மணல் வரத்து நின்றுபோய், ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரையிலான கரையைக் கடல் அரிக்கத் தொடங்கியது. அதைத் தடுக்கக் கரை நெடுகக் கருங்கல் பாறைகளைக் கொட்டினார்கள். மணலில் மெல்லப் படுத்து ஓய வேண்டிய அலை இன்று பாறையில் மோதித் தூளாகச் சிதறுகிறது. அந்தத் தூவானத்தில் நீர் காற்றிலேயே உலர்ந்துவிட, உப்புத் துகள் கடற்காற்றோடு வீட்டுக்குள் வருகிறது. கடலிலிருந்து விலக விலக இந்த உப்புப் படிவு வேகமாகக் குறையும். ஆனால் இங்கே பல தெருக்களுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு சாலைதான் இருக்கிறது.

படிந்த உப்பு சும்மா இருப்பதில்லை. சமையல் உப்பு, காற்றின் ஒப்பு ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் ஈரத்தை இழுத்துத் தானே கரையும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடோ சுமார் 33 சதவீதத்திலேயே கரையத் தொடங்கிவிடும். சென்னையில் ஈரப்பதம் அந்த அளவுக்குக் கீழே இறங்கும் நேரம் அரிது. அதாவது மழையே இல்லாத நாளிலும் திருகின் மேல் கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்ப் படலம் ஒன்று இருந்துகொண்டே இருக்கிறது. அதன் குளோரைடு அயனிகள் உலோகத்தின் பாதுகாப்பு ஆக்சைடு படலத்தைத் துளைக்கின்றன. துருவாக மாறிய இரும்பு, தான் முன்பு அடைத்த இடத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல், சில நிலைகளில் ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். மரைக்கும் மரைக்கும் நடுவில் அத்தனை இடம் ஏது? துரு தானே ஆப்பாக மாறித் திருகை இறுக்கிவிடுகிறது. இந்த வகை அரிமானத்தையும் ஆராயும், காரைக்குடியில் 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம், மண்டபம் கடற்கரையில் உலோகத் தகடுகளைக் காற்றிலும் கடல்நீரிலும் வைத்துச் சோதித்துவருகிறது. நம் கடற்கரைகளில் இரும்பு எவ்வளவு வேகமாகத் தேய்கிறது என்பதை நாம் அறிந்ததில் அந்த ஆய்வகத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

இரும்பும் இரும்பும் சேர்ந்த இடத்தைவிட, இரும்பும் அலுமினியமும் சேர்ந்த இடம் இன்னும் மோசம். இதற்குத் திருவொற்றியூரிலேயே பிறந்த உதாரணம் இருக்கிறது. இங்கிலாந்தின் ரெட்டிச் நகர் ராயல் என்பீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் 1955இல் கைகோத்து என்பீல்டு இந்தியாவைத் தொடங்கின; புல்லட் திருவொற்றியூர் ஆலையிலிருந்து வெளியே வந்தது. அதன் எஞ்சின் உறைகள் அலுமினிய வார்ப்பு. அவற்றைப் பிடித்திருப்பவை எஃகுத் திருகுகள். இரண்டு வெவ்வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டு, நடுவில் உப்புநீரும் இருந்தால் அது ஒரு சிறு பேட்டரி. அதில் எலெக்ட்ரான்களை விட்டுக்கொடுத்துத் தேய்வது அலுமினியம். பழைய புல்லட்டின் டைமிங் கவர் திருகைக் கழற்றும்போது மரையோடு ஒட்டிக்கொண்டு வரும் வெள்ளைப் பொடி, அப்படித் தேய்ந்த அலுமினியத்தின் ஆக்சைடும் ஹைட்ராக்சைடும்தான். அதுவும் உலோகத்தைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். உறை அலுமினியத்தாலும் திருகு எஃகாலும் ஆன விலையுயர்ந்த கீபோர்டுகளில் நடப்பதும் அச்சு அசலாக இதேதான்.

புல்லட்டிடம் கற்க இன்னொரு பாடமும் உண்டு. ஆங்கிலேய வடிவமைப்பில் வந்த வண்டி என்பதால் அதன் ஆரம்பகால மரைகள் அங்குலக் கணக்கில் இருந்தன. ஜோசப் விட்வொர்த் 1841இல் முன்வைத்த மரையின் கோணம் 55 டிகிரி; இன்றைய மெட்ரிக் மரையின் கோணம் 60. கால் அங்குல நுண்மரையில் அங்குலத்துக்கு 26 மரைகள் இருக்கும், அதாவது மரைக்கு மரை 0.977 மில்லிமீட்டர். எம்6 திருகில் அது சரியாக 1 மில்லிமீட்டர். இந்த நெருக்கம்தான் ஆபத்து. பழைய துளையில் எம்6 திருகை வைத்தால் சில சுற்றுகள் விரலாலேயே இறங்கும். பொருந்திவிட்டது என்றே தோன்றும். பத்து மரை தாண்டுவதற்குள் கால் மில்லிமீட்டர் அளவுக்கு வித்தியாசம் சேர்ந்துவிடும். திருகு இறுகும், அவசரக்காரர் ஸ்பேனரைப் போட்டு முடுக்கிவிடுவார். அடுத்த முறை கழற்றும்போது துளையின் அலுமினிய மரை சுருள் சுருளாக உரிந்துகொண்டு வரும். திருகு முரண்டு பிடித்தால், இதற்கு முன் யாராவது கை வைத்திருக்கிறார்களா என்று கேட்பது வண்டிக்கும் பொருந்தும், கீபோர்டுக்கும் பொருந்தும்.

சரி, காரணம் துருதான் என்று தெரிந்துவிட்டது. முதல் மருந்து எண்ணெய், அதற்குத் துணை பொறுமை. துரு ஒரு திடமான சுவர் அன்று, நுண்துளைகள் நிறைந்த பொருள். பாகுநிலை குறைந்த எண்ணெய் அந்தத் துளைகளில் நுண்புழை நுழைவால் தானே ஊர்ந்து இறங்கும். பட்டறைகளில் மண்ணெண்ணெய் ஊற்றி இரவு முழுக்க ஊறவிடும் வழக்கத்தின் அறிவியல் இதுதான். டப்பாவில் வரும் ஸ்ப்ரேக்களில் புகழ்பெற்ற டபிள்யூடி-40, 1953இல் அமெரிக்காவில் உலோகத்திலிருந்து ஈரத்தை விரட்டுவதற்காக உருவானது. துருவுக்குள் இறங்குவதில் அதற்கென்றே தயாரிக்கப்படும் எண்ணெய்கள் அதைவிட மேல். எந்த எண்ணெயானாலும் அடித்த கையோடு திருப்புவதில் பயனில்லை. நேரம் கொடுக்க வேண்டும்.

அடுத்தது அதிர்ச்சி. துரு நொறுங்கும் தன்மை கொண்டது. திருகின் தலையில் சுத்தியலால் நேராக ஒரு தட்டு தட்டினால் துருவில் விரிசல் விழும், அந்த விரிசலில் எண்ணெய் இறங்கும். "டேய், நேரா இடது பக்கம் போகாத. வலது பக்கம் ஒரு சுண்டு சுண்டிட்டு அப்புறம் திருப்பு" என்று பட்டறைப் பெரியவர்கள் பையன்களுக்குச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். முடுக்கும் பக்கம் இம்மியளவு அசைத்தாலும் துருவின் ஒட்டு உடையும். ஒட்டு உடைந்த பிறகு எஞ்சியிருப்பது உராய்வு மட்டும்தான். அசைந்ததும் மளமளவென்று கழற்றிவிடக் கூடாது. அரைச் சுற்று வெளியே, கால் சுற்று உள்ளே என்று போய்வந்தால் நொறுங்கிய துரு மரைக்குள் சிக்காமல் பொடியாகி எண்ணெயோடு வெளியேறும்.

பிறகு வெப்பம். அலுமினிய உறையைச் சூடாக்கினால் துளை சுருங்கிவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். உண்மையில் துளை பெரிதாகும்; அந்தத் துளைக்குள் உலோகம் இருந்திருந்தால் எவ்வளவு விரிந்திருக்குமோ அவ்வளவே துளையும் விரியும். எஃகைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிவது அலுமினியம். 6 மில்லிமீட்டர் துளையும் அதிலுள்ள திருகும் 100 டிகிரி சூடேறினால், அலுமினியத் துளை எஃகைவிட 6 மைக்ரானுக்கு மேல் கூடுதலாக விரிகிறது. தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குதான் அது. ஆனாலும் துருவின் ஒட்டை உடைக்க அது போதும். இந்தக் கணக்கை 2 மில்லிமீட்டர் திருகுக்கும் பித்தளை மரைக்கும் போட்டால் ஒன்றரை மைக்ரான்கூடத் தேறாது. அதனால் கீபோர்டில் வெப்பத்தைப் பயன்படுத்துவது விரிவை நம்பி அல்ல, பசையை நம்பி.

அது என்ன பசை? சில கருவிகளில் திருகுகள் அதிர்வால் கழன்றுவிடாமல் இருக்க மரையில் ஒரு துளி பசை வைத்துப் பூட்டியிருப்பார்கள். 1950களில் அமெரிக்க வேதியியலர் வெர்னான் க்ரீபிள் உருவாக்கிய இந்த வகைப் பசைக்கு விசித்திரமான குணம் உண்டு: காற்று பட்டுக்கொண்டிருக்கும்வரை திரவமாகவே இருக்கும்; காற்று நுழையாத இடுக்கில் உலோகத்தைத் தொட்டதும் கெட்டியாகும். மிகவும் வலுவான ரகம் இளகுவதற்கு 250 டிகிரி அளவு வெப்பம் வேண்டும். சால்டரிங் அயர்னின் முனையைத் திருகின் தலையில் வைத்துச் சற்று நேரம் பிடித்திருந்து, சூடு ஆறுவதற்குள் திருப்ப வேண்டும். அலுமினிய உறையில் தயங்காமல் செய்யலாம். பிளாஸ்டிக் உறையில் இந்த முறையைத் தொடவே வேண்டாம் என்பேன். கீபோர்டுகளில் வழக்கமாக வரும் ஏபிஎஸ் பிளாஸ்டிக் 100 டிகிரியை ஒட்டியே இளகத் தொடங்கிவிடும். பசை இளகும் முன்பே உறை உருகிவிடும்.

மரைக்குச் செய்ய வேண்டியதைச் செய்தாகிவிட்டது, இனி தலை. நாம் ஸ்டார் என்று அழைக்கும் பிலிப்ஸ் தலைக்கு ஹென்றி பிலிப்ஸ் 1936இல் காப்புரிமை பெற்றார். முதலில் பெரிய அளவில் ஏற்றுக்கொண்டது அமெரிக்காவின் கார்த் தொழில். இயந்திரத்தால் முடுக்கும்போது முனை தானாக நடுவில் போய் உட்கார வேண்டும் என்பதற்காகக் குழியின் சுவர்களைச் சரிவாக அமைத்தார்கள். கோளாறும் அந்தச் சரிவில்தான். நாம் கொடுக்கும் திருப்பு விசையில் ஒரு பகுதி, முனையை மேலே தள்ளும் விசையாக மாறிவிடுகிறது. கீழ்நோக்கி அழுத்தும் கையின் பலம் அதைவிடக் குறைந்தால் முனை வழுக்கி ஏறும். எனவே இறுகிய பிலிப்ஸ் திருகில் முக்கால் பலம் அழுத்துவதற்கும் கால் பலம் திருப்புவதற்கும் போக வேண்டும். வழக்கத்தில் எல்லோரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

முனையின் அளவும் முக்கியம். எம்2 திருகுக்கு பிஹெச்0 அல்லது பிஹெச்1 முனை சரியாக இருக்கும்; எதை வைத்தால் குழியில் ஆடாமல் நிற்கிறதோ அதுதான் அதற்கு உரியது. இன்னொரு நுணுக்கம், ஜப்பானியத் தரத்தில் செய்யப்பட்ட தலைகள் பார்வைக்குப் பிலிப்ஸ் போலவே இருக்கும், ஆனால் குழியின் அடிப்பகுதி வேறு. பிலிப்ஸ் முனை அதில் முழுவதும் இறங்காமல் மேலேயே தொங்கி நின்று விளிம்பைத் தேய்த்துவிடும். அந்தத் தலைகளில் பெரும்பாலும் ஒரு சிறு புள்ளி இருக்கும். 1985இல் வந்து வடசென்னை இளைஞர்களின் கனவாகிப்போன யமஹா ஆர்எக்ஸ் 100 போன்ற ஜப்பானிய வம்ச வண்டிகளின் திருகுத் தலைகள் பல சிதைந்துபோனதற்கு இந்தப் பொருத்தமின்மை ஒரு பெரிய காரணம். கீபோர்டுகளிலும் இந்த வகைத் திருகுகள் வருவதுண்டு. புள்ளி தென்பட்டால் அதற்குரிய முனையைத் தேடுங்கள்.

குழி பாதி தேய்ந்துவிட்டால் மெக்கானிக்குகளிடம் ஒரு நல்ல வழி உண்டு. எஞ்சின் வால்வைத் தேய்த்துப் பதிக்கும் பசையில் கொஞ்சம் எடுத்து முனையில் தடவுவார்கள். அதிலுள்ள கடினமான துகள்கள் முனைக்கும் குழிக்கும் நடுவில் கடித்துப் பிடிக்கும். ரப்பர் பேண்டை நடுவில் வைக்கும் வித்தையைப் பலரும் சொல்வார்கள். மரை தளர்ந்து தலை மட்டும் லேசாகத் தேய்ந்திருந்தால் உதவும், மரை இறுகியிருந்தால் முனையை ஆழத்தில் இறங்கவிடாமல் நிலைமையை இன்னும் கெடுக்கும். பைக் பட்டறைகளில் பார்க்கும் இம்பேக்ட் டிரைவர் உண்மையிலேயே அருமையான கருவி. அதன் பின்புறம் சுத்தியலால் அடித்தால் உள்ளேயிருக்கும் சரிவு அந்த அடியில் ஒரு பகுதியைச் சுழற்சியாக மாற்றுகிறது. திருகு சுழலும் அதே கணத்தில் முனை பலமாகக் கீழே அழுத்தப்படுவதால் வழுக்கவே இடமில்லை. மரைக்கு வேண்டிய அதிர்ச்சி, தலைக்கு வேண்டிய பிடி இரண்டும் ஒரே அடியில் கிடைத்துவிடும். கீபோர்டில் அதைப் பயன்படுத்த முடியாது, சர்க்யூட் போர்டின் சால்டர் இணைப்புகள் விட்டுப்போகும்.

பிளாஸ்டிக் கீபோர்டுகளில் இன்னொரு காட்சியும் காணலாம். திருகு சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும், வெளியே மட்டும் வராது. பிளாஸ்டிக்கில் பதித்த பித்தளைக் குழலோடு திருகு ஒட்டிக்கொண்டு, குழலே பிளாஸ்டிக்குக்குள் சுழல்கிறது என்று அர்த்தம். அப்போது தலைக்கு அடியில் மெல்லிய தகட்டை நுழைத்து மெதுவாக நெம்பியபடியே திருப்ப வேண்டும். மேல்நோக்கி இழுக்கும்போது குழல் பிளாஸ்டிக்கில் இறுகி நிற்கும். திருகு மட்டும் சுழல வாய்ப்பு உண்டு.

எதற்கும் மசியாவிட்டால் தலையை எடுத்துவிடுவதுதான் வழி. இது தோல்வியின் அடையாளம் போலத் தெரியலாம். இயற்பியல் வேறு கதை சொல்கிறது. ஒரு திருகை முடுக்கக் கொடுக்கும் விசையில் ஏறக்குறைய பாதி, தலைக்கு அடியில் நடக்கும் உராய்வுக்கே போகிறது. சுமார் 40 சதவீதம் மரையில் உராய்வாகப் போகிறது. உண்மையில் பாகங்களை இழுத்துப் பிடிப்பது மிச்சமுள்ள பத்து சதவீதம்தான். மரையின் விட்டத்தைவிடச் சற்றே பெரிய டிரில் பிட்டால் தலையைக் குடைந்து எடுத்தால், தலைக்கு அடியிலிருந்த உராய்வு போய்விடும். இழுவிசையும் அறுந்துவிடுவதால் மரையின் அழுத்தமும் இறங்கும். உறையைத் தூக்கிய பிறகு துருத்தி நிற்கும் தண்டைப் பிளையரால் பிடித்துத் திருப்பினால் பெரும்பாலும் சிரமமில்லாமல் வந்துவிடும். குடையும் முன் சர்க்யூட் போர்டை டேப்பால் மூடிவிடுங்கள். ஒரு சிறு உலோகத் துகள் இரண்டு இணைப்புகளைக் குறுக்கே தொட்டால் கீபோர்டு பாழ்.

கடைகளில் விற்கும் எக்ஸ்ட்ராக்டரை எம்2 திருகுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்தத் திருகின் உடலே ஒன்றரை மில்லிமீட்டர்தான். அதில் துளை போட்டு எக்ஸ்ட்ராக்டரை இறக்கினால் அது உள்ளேயே முறியும். முறிந்த துண்டு மிகக் கடினமான எஃகு என்பதால் சாதாரண டிரில் பிட் அதன் மேல் ஏறாது. பெரிய திருகு முறிந்து உள்ளே மாட்டிக்கொண்டால், லேத் பட்டறையில் அதன் மேல் ஒரு நட்டை வைத்து உள்ளே வெல்டிங் வைப்பார்கள். எஃகு வெல்டிங் அலுமினியத்தில் ஒட்டாது. வெப்பம் மரையைத் தளர்த்தும், நட்டு ஸ்பேனருக்கு ஒரு புதுத் தலையாகும்.

துருவே பிடிக்காத ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைப் போட்டுவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று நினைப்பவர்கள் காசிமேட்டில் படகுக்கு வேலை செய்பவர்களிடம் விசாரிக்கலாம். ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் ஸ்டெயின்லெஸ் நட்டை வேகமாக முடுக்கினால், மேலிருக்கும் குரோமியம் ஆக்சைடு படலம் உரசலில் கிழிந்து வெற்று உலோகமும் வெற்று உலோகமும் ஒன்றாகப் பற்றிக்கொள்ளும். ஒரு பொட்டுத் துருகூட இல்லாமல் இரண்டும் ஒரே துண்டாகிவிடும். பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும். மெதுவாக முடுக்குவதும், நிக்கல் அல்லது செம்புத் தூள் கலந்த கிரீஸைத் தடவுவதும்தான் தடுப்பு. கீபோர்டில் புதுத் திருகு போடும்போது சாதாரண கிரீஸ் ஒரு துளி போதும், உப்பு நீர் மரைக்குள் இறங்காது. ஆனால் கிரீஸ் தடவிய மரையில் உராய்வு குறைவு. பழைய பலத்தோடு முடுக்கினால் எம்2 திருகின் கழுத்து முறிந்துவிடும். தலை உறையில் உட்கார்ந்த பிறகு கால் சுற்றுக்கு மேல் திருப்ப வேண்டாம்.